இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு முடுக்கு

ஜூலை 3, திங்கள்

காலையில் பல் தேய்த்துக்கொண்டே மேற்குப் பக்க முடுக்கை எட்டிப் பார்த்தால் நாலு முளைக்குச்சி! வரிசையாக அடித்து நைலான் கயிறு இழுத்துக் கட்டியிருக்கிறது. என் சுவரிலிருந்து சரியாக ஒரு அடி தள்ளி. யாரைக் கேட்டு?

அடுத்த வீட்டு நர்ஸம்மா வேலைதான். பெயர் மரியபுஷ்பம். முப்பது வருஷம் கிராம நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனதால் தெருவுக்கே நர்ஸம்மா. கூப்பிட்டுக் கேட்டேன்.

"காம்பவுண்டு சுவர் எழுப்பலாம்னு இருக்கேன் அண்ணாச்சி. வீட்டை விக்கப் போறேன். ஓசூருக்கு வந்துருங்கம்மான்னு ஜெரால்டு ஒத்தக்கால்ல நிக்கான்" என்றாள்.

மகன் கூப்பிடுகிறான், போகட்டும். விற்கட்டும். ஆனால் என் வீட்டு பிளானில் தெளிவாக இருக்கிறது: மேற்கே இரண்டடி விட்டுக் கட்டவும். நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நானே எழுதியது. ஆக, என் சுவருக்கு வெளியே இரண்டடி எனக்குச் சொந்தம். அவள் கயிறு ஓரடியில் நிற்கிறது. மீதி ஓரடியை முழுங்கப் பார்க்கிறாள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு வக்கீல் வேண்டாம்.

இருபத்தொன்பது வருஷம் கண்டக்டர் வேலை பார்த்தவன் நான். டிக்கெட் எடுக்கவில்லை என்றால் மாமனாராக இருந்தாலும் இறக்கிவிடுவேன். இறக்கியும் விட்டிருக்கிறேன், பனவடலி விலக்கில், நல்ல வெயிலில். என்னிடமா?

ஜூலை 4, செவ்வாய்

குச்சி நாலையும் பிடுங்கி அவள் வாசலில் போட்டேன்.

ஜூலை 5, புதன்

குச்சிகள் மறுபடியும் அதே இடத்தில். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், மத்தியானம் பட்டாசல் கூடத்து ஜன்னல் வழியாக ஒரு கிண்ணம் நெத்திலிக் குழம்பை உள்ளே நீட்டுகிறாள். எங்கள் பட்டாசலின் மேற்கு ஜன்னலும் அவள் அடுக்களை வாசலும் எதிரும் புதிரும். கைநீட்டினால் எட்டும். கிண்ணத்தைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.

"லஞ்சமா?" என்று கேட்டேன்.

"நெத்திலி" என்றாள்.

எனக்குத் தயிரும் ஊறுகாயும் போதும். நெத்திலி வாசனை சாயங்காலம்வரை வீட்டுக்குள்ளேயே நின்றது, சனியன்.

ஜூலை 7, வெள்ளி

இ-சேவை மையத்தில் நிலம் அளக்க மனுப் போட்டேன். பட்டா நகல், பத்திர நகல், ஆதார், எல்லாவற்றையும் கோப்பில் வரிசையாக அடுக்கிக்கொண்டு போனதைப் பார்த்து அங்கே இருந்த பெண், "எல்லாரும் உங்கள மாதிரி வந்தா எங்களுக்கு வேலையே இல்ல சார்" என்றாள். சந்தோஷமாக இருந்தது.

நான் மனுப் போட்ட செய்தி எனக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டது. நர்ஸம்மா ஜன்னலில் நின்றாள்.

"அண்ணாச்சி, சர்வேயர் கிர்வேயர்லாம் எதுக்கு? நம்மளே பேசி முடிச்சிக்கிடலாமே."

"ஏன், பயமா இருக்கா?"

"பயந்தான்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பார்த்தீர்களா! வாயாலேயே ஒப்புக்கொண்டாள்.

ஜூலை 9, ஞாயிறு

வேட்டி நாலு, சட்டை மூன்று துவைத்தேன். நீலம் கூடிப்போய் எல்லாம் ஊதா.

சர்வேயர் வருமுன் நாமும் அளந்து குறித்து வைத்துக்கொள்வோம் என்று பழைய ஸ்டீல் டேப்பை எடுத்தேன். வாசலிலிருந்து ஆரம்பித்தேன். படுக்கையறை பத்தடி, பிளானில் உள்ளபடியே. அடுக்களை எட்டடி, அதுவும் சரி. பட்டாசல் பிளானில் பதிமூன்று. டேப் பதினாறு காட்டுகிறது.

டேப்பின் முனை உடைந்திருக்கிறது. அதனால்தான் கூடக் காட்டுகிறது. எவ்வளவு உடைந்திருக்கிறது என்று பார்க்கவில்லை.

ஜூலை 10, திங்கள்

ஹார்டுவேர் கடையில் புது டேப் வாங்கினேன். கேஸ் வந்தது. தோசை மாவு புளித்துவிட்டது, கொட்டினேன். டேப்பைப் பிரிக்கவில்லை. அவசரம் ஒன்றுமில்லை.

ஜூலை 16, ஞாயிறு

தூத்துக்குடியிலிருந்து மகள் கோமதி போன் செய்தாள். வழக்கமாக "சாப்டீங்களாப்பா"வில் ஆரம்பிப்பாள். இன்று நேராகச் சண்டை.

"நர்ஸத்தைமேல மனுப் போட்டிருக்கீங்களாமே?"

"அவமேல இல்ல. நிலத்தை அளக்க."

"எல்லாம் ஒண்ணுதான். அம்மா எட்டு மாசம் படுக்கையில கெடந்தாளே, குளிப்பாட்டுனது யாரு? பீ அள்ளுனது யாரு? நீங்களா?"

"ஏளா, அது வேற, இது வேற. நன்றிக்காக நிலத்தை விட முடியுமா?"

போனை வைத்துவிட்டாள். இவளுக்கு என் குணம், எனக்கு ஏச்சு.

அவள் சொன்னது உண்மைதான், இல்லை என்று எழுதினால் கை அழுகிப்போகும். என் வீட்டுக்காரி ஆவுடையின் கட்டில் அந்த மேற்கு ஜன்னல் ஓரமாகத்தான் கிடந்தது. வேறு எங்கே போடச் சொன்னாலும் கேட்கமாட்டாள். நாள் முழுக்க இவள் உள்ளே இருந்தும் நர்ஸம்மா முடுக்கில் நின்றும் பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் வந்தால் பேச்சு நின்றுவிடும். பொம்பளைகள் பேச்சு நமக்கெதற்கு என்று நான் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன். போன கார்த்திகையில் போய்ச் சேர்ந்தாள்.

அந்த முடுக்கில் சுவர் வந்தால் ஜன்னலுக்குக் காற்று வராது. அதுவும் ஒரு காரணம்தான். அதையும் மனுவில் எழுதியிருக்கலாம்.

ஜூலை 31, திங்கள்

ஆடித் தபசு. சங்கரன்கோவில் முழுக்க ஜனம். எங்கள் தெருவிலேயே பதினோரு வேன் நிற்கிறது. சர்வேயர் இந்த வாரம் வரமாட்டாராம், திருவிழா முடியட்டும் என்றார்கள். நான் கோயிலுக்குப் போகவில்லை. இருவரும் சேர்ந்து போய்ப் பழகிவிட்டது.

மத்தியானம் நர்ஸம்மா வீட்டுக்குள்ளேயே வந்தாள். ஆவுடை போனபிறகு உள்ளே வந்தது இதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, மனுவ வாபஸ் வாங்கிருங்க. நீங்க கேக்குற ரெண்டடியையும் எழுதித் தந்துருதேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "என் எடத்த எனக்கு நீங்க எழுதித் தர்றதா? நல்லா இருக்கே நியாயம்!"

"ஆவுடைக்காகக் கேக்கேன்."

"செத்தவள இதுக்குள்ள இழுக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். எதிர்வீட்டு வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டு போனாள்.

கத்தியிருக்க வேண்டாம். அப்பளம் பொரித்து வைத்திருந்தேன், சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

அளந்தாயிற்று. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தரைக்கு சர்வேயர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது, சுடிதார் போட்ட பெண். கூட இரண்டு உதவியாளர்கள். நர்ஸம்மா வீட்டை வாங்கப்போகிற ராஜபாளையத்துக்காரரும் விஷயம் கேள்விப்பட்டு வந்து நின்றார். நான் பிளான், பத்திரம், பட்டா மூன்றையும் நாற்காலியில் பரத்தி வைத்தேன். அந்தப் பெண் பிளானை ஓரமாக வைத்துவிட்டாள். "இது நீங்க போட்டது ஐயா. கல் என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

தெருப்பக்கக் கல் லேசில் கிடைத்தது. பின்பக்கத்து மூலைக்கல் நர்ஸம்மாவின் மருதாணிப் புதருக்கு அடியில் இருந்தது. "ரெண்டு பேருக்கும் பொதுக் கல் இதுதான்" என்று அந்தப் பெண் புலப்படத்தில் விரல் வைத்துக் காட்டினாள். பின்கல்லில் கயிற்றைக் கட்டி முன்கல்லை நோக்கி இழுத்தார்கள். நான் முடுக்கின் நடுவில், கயிறு எங்கே வரும் என்று எனக்குத் தெரிந்த இடத்தில் நின்றேன்.

கயிறு அங்கே வரவில்லை. என் பட்டாசல் சுவரில் முட்டி நின்றது.

அந்தப் பெண் கிழக்கிலிருந்தும் அளந்தாள். எழுதினாள். மறுபடி அளந்தாள். "ஐயா, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. உங்க சுவர்தான் ஒரு அடி அந்தம்மா எடத்துக்குள்ள நிக்குது. முடுக்கு முழுக்க அவங்களுது."

"இன்னொரு தடவை அளங்க" என்றேன். அளந்தாள். "இன்னொரு தடவை" என்றேன். முகம் சுளிக்காமல் அதையும் செய்தாள். மூன்று தடவையும் ஒரே அளவு.

ராஜபாளையத்துக்காரர் தொண்டையைச் செருமினார். "அப்ப அந்தச் சுவர இடிச்சுக் குடுத்துருங்க. நான் அளவுக்குத்தான் பணம் குடுக்கேன், குறைச்சு வாங்க மாட்டேன்."

நான் நர்ஸம்மாவைப் பார்த்தேன். ஜெயித்தவள் முகம் இப்படியா இருக்கும்? அடுக்களை வாசல்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தாள்.

எல்லாரும் போனபிறகு புது டேப்பைப் பிரித்துப் பட்டாசலை அளந்தேன். பதினாறு. முனை உடையவில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

காலையில் நானே ஜன்னலுக்குப் போய் நின்றேன். "நர்ஸம்மா" என்று கூப்பிட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் சட்டியை வைத்துவிட்டு வந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுன அன்னைக்கி இருந்து."

சொன்னாள். அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

"தொண்ணூத்தி ஒண்ணுல நீங்க மதுர டிப்போல இருந்தீங்க. மாசத்துக்கு ரெண்டு தடவ வருவீங்க. வீட்டு வேலையெல்லாம் ஆவுடைதான் பாத்தா. அவளுக்கு மூணாவதும் கலைஞ்சு பத்து நாள்கூட ஆகல. அன்னைக்கி வேலாண்டிக் கொத்தனாரு அளந்து பாத்துட்டு, பதிமூணடிப் பட்டாசலாம்மா, மனையடி சாஸ்திரத்துல ஆகாதே, இந்த வீட்ல ஒண்ணும் நிக்காதேன்னுட்டான். நிக்காதுங்கற சொல்லக் கேட்டதும் அவ அப்படியே மண்ணுல உக்காந்துட்டா அண்ணாச்சி. பதினாலு வச்சா? அதுவும் ஆகாதாம். பதினஞ்சு? அதுவும் ஆகாதாம். பதினாறுதான் விசேசமாம். நீங்க விடச் சொன்ன ரெண்டடியையும் சேத்தா பதினஞ்சுதான் வருது. ஒரு அடி பத்தல."

"நீங்க குடுத்தீங்க."

"எனக்கு அந்தச் சாஸ்திரத்துலலாம் நம்பிக்கை கெடையாது. நான் நர்ஸு. அவ ஒடம்புல ரத்தம் கம்மி, மாத்திர போட்டாத்தான் பிள்ள தங்கும்னு எனக்குத் தெரியும். ஆனா அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு மாத்திரையப் பத்தி மட்டும் பேச முடியுமா? எடுத்துக்கடி ஒரு அடின்னேன். எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. மாத்திரையும் குடுத்தேன்."

தொண்ணூற்று மூன்றில் கோமதி பிறந்தாள். மாத்திரையாலோ, பதினாறாலோ.

"குச்சி அடிச்சதும் அதுக்குத்தானா?"

"பின்ன? விக்கிறதுக்கு முன்னாடி காம்பவுண்டு போட்டுட்டா, வாங்குறவன் அதுவரைக்குந்தானே பாப்பான். உங்க சுவரு யார் கண்லயும் படாது. ஜன்னல் கதவு தொறக்கணும்லா, அதான் ஒரு அடி தள்ளி அடிச்சேன்."

ஒரு அடியைத் திருடுகிறாள் என்று நான் ஊரைக் கூட்டினேன். அவள் என் சுவருக்கு அடியில் ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டடியைச் சத்தமில்லாமல் எனக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா. எங்கப்பாவையே பஸ்ஸ விட்டு எறக்குனவுக, இதத் தெரிஞ்சா சுவர இடிச்சுப்புடுவாகன்னு பயந்தா. கடைசி வாரம்கூட என் கையப் பிடிச்சுக்கிட்டு, அவுக இடிச்சிருவாக புஷ்பம், நான் போனாலும் சொல்லிறாதன்னா."

அதற்குமேல் நான் ஜன்னலில் நிற்கவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் ஒருத்தி இந்தப் பட்டாசலைப் பெருக்கி, இதிலேயே பிள்ளை பெற்று, இதிலேயே படுத்துக் கிடந்தாள். எனக்குப் பயந்துகொண்டே. அடிக்கிறவனுக்குப் பயந்தால் ஊர் நாலு வார்த்தை சொல்லும். நான் அடித்ததில்லை. குடித்ததில்லை. நேர்மையானவன் என்று பெயர். அந்த நேர்மைக்கு அவள் பயந்தாள். அழுதேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அழுதேன்.

ஆகஸ்ட் 12, சனி

நேற்று முழுக்க யோசித்து, தப்பு தப்புதான் என்று முடிவு செய்து, கொத்தனாரை வரச் சொல்லியிருந்தேன். அடுத்தவர் மண்ணில் நிற்கிற சுவரை இடித்துக் கொடுப்பதுதான் முறை. ராஜபாளையத்துக்காரருக்கும் போனில் சொல்லிவிட்டேன். நர்ஸம்மா தாராளமாகக் கொடுத்தாள் என்பதற்காக அவள் வியாபாரம் என்னால் கெடக்கூடாது.

ஒன்பது மணிக்குக் கொத்தனார் சம்மட்டியோடு வந்தான். ஜன்னல் சட்டத்தை முதலில் கழற்றிவிடலாம் என்றான். அதற்குள் கோமதி முதல் பஸ் பிடித்து வந்து இறங்கினாள். நர்ஸம்மா எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறாள் போல. நேராகப் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தள்ளும்மா" என்றேன். "நம்ம எடம் இல்ல."

அப்போதுதான் வெளியிலிருந்து நர்ஸம்மா சத்தம் போட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் சத்தம் போட்டது இன்றுதான்.

"இடிங்க அண்ணாச்சி! நல்லா இடிங்க! அவ எதுக்குப் பயந்தாளோ அதையே செய்யுங்க!"

கொத்தனார் என்னைப் பார்த்தான். கோமதி என்னைப் பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"சம்மட்டிய வெளிய வைய்யி" என்றேன். "டீ குடிச்சிட்டுப் போ."

டீயை நான்தான் போட்டேன். எல்லாருக்கும். சர்க்கரை போட மறந்துவிட்டேன், யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

நர்ஸம்மா தந்த மீன்குழம்பைச் சாப்பிட்டேன். உப்பு சற்றுக் கூடுதல். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, வியாழன்

ராஜபாளையத்துக்காரர் இரண்டடி குறைத்து வாங்கச் சம்மதித்துவிட்டார். நர்ஸம்மா அவரிடம் என்ன பேசினாள் என்று தெரியவில்லை. போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஓரடி போதும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "ஜன்னல் கதவு எங்க போயி தொறக்கும்? ஒங்க தலைக்குள்ளயா?" என்று கேட்டுவிட்டாள்.

ஆகஸ்ட் 24, வியாழன்

பதிவு அலுவலகத்துக்குப் போய் வந்தோம். நான், நர்ஸம்மா, சாட்சிக்குக் கோமதியும் அவள் மாப்பிள்ளையும்.

வாசலில் பத்திரம் எழுதுகிறவர் முதலிலேயே டைப் அடித்து வைத்திருந்தார். தானப் பத்திரம். இரண்டடி அகலம், அறுபதடி நீளம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேகமாகப் படித்தார். "தங்கள்மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று வந்ததும் நர்ஸம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"யாருமேல?"

"இவுக மேலம்மா. வாங்குறவங்க மேல."

"இவுகமேல எனக்கென்ன பிரியம்? குச்சியெல்லாம் பிடுங்கிப் போட்டாக. அத எடும்."

எழுதுகிறவருக்குச் சிரிப்பு. "அம்மா, இது எல்லாப் பத்திரத்துலயும் உள்ளதுதான். காரணம்னு ஒண்ணு போடணும்லா."

"அப்ப உள்ள காரணத்தப் போடும். இவுக வீட்டம்மா ஆவுடைமேல உள்ள பிரியம்."

"எறந்துபோனவங்க மேல பிரியம்னுலாம் எழுதுற வழக்கம் இல்ல."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "வழக்கத்த விடும்யா. இது பத்திரம். உள்ளது உள்ளபடி எழுதணும். பொய்யான காரணத்துக்குக் கீழ நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன். கோமதி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

புலம்பிக்கொண்டே மறுபடி அடித்தார். "காலஞ்சென்ற என் தோழி ஆவுடையம்மாள் கேட்டுக்கொண்டபடி, அவர்மேல் எனக்குள்ள பிரியத்தினால்" என்று படித்தார்.

"அவ கேக்கல" என்றாள் நர்ஸம்மா. "மண்ணுல உக்காந்து அழுதா, அவ்வளவுதான். நானாத்தான் குடுத்தேன்."

"கேட்டுக்கொண்டபடிங்கறத எடுத்துரும்யா" என்றேன். மூன்றாவது தடவை அடித்தார். அதன்பிறகுதான் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

வரும் வழியில் நர்ஸம்மா, "ஓசூர்ல குளிருமாமே அண்ணாச்சி" என்றாள். கம்பளி வாங்கிக்கொள்ளச் சொன்னேன். வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. "நீங்க இல்லன்னா எங்களுக்குப் பிள்ளையே இல்ல" என்று வீட்டு வாசலில் வைத்துத்தான் சொன்னேன். "மாத்திர" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கோமதியும் மாப்பிள்ளையும் ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். கதவைச் சாத்திவிட்டு, பட்டாசலில் ஆவுடை படத்துக்கு முன்னால் நின்று பத்திரத்தை முழுக்கச் சத்தமாகப் படித்தேன். எல்லைகள், நீள அகலம், சாட்சிகள் பெயர், எல்லாம். முடித்துவிட்டு, "பதிஞ்சாச்சு ஆவுடை. இனி யாரும் இடிக்க முடியாது" என்றேன்.

சொன்னபிறகு, அவள் பயந்தது யாருக்கோ இல்லையே என்று தோன்றியது.

"நான் இடிக்க மாட்டேன்" என்றேன்.